யானை தூக்கிய மாப்பிள்ளை

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கையில், காலை பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு, மாமனார் வீட்டுக் கம்ப்யூட்டர், ஆபீசிலிருந்து நுழையப் பார்த்த ‘சிஸ்டம் தம்பி’யை உள்ளே விட மறுத்தது.

பாஸ்வேர்டைத் தப்பாக அடித்திருப்போம் என்று மறுபடி அடித்தான். மறுத்தது. ஒற்றை விரலால், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி, ஒவ்வொன்றாக அடித்தான். அப்போதும் மறுத்தது. என்னடா இது என்று போனை எடுத்தால், அங்கே இரண்டு நிமிடமாக ஒரு மெயில் காத்துக்கொண்டிருந்தது.

“அன்புடையீர், இன்று முதல் தங்கள் நுழைவு நிறுத்தி வைக்கப்படுகிறது. இது தங்கள் மீதுள்ள கோபத்தால் அல்ல, நடைமுறை. முடிவு மேலிடத்தில் எடுக்கப்பட்டுவிட்டதால் இது குறித்துத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். இப்படிக்கு, யானை நிர்வாகம்.”

யானை என்பது மாமனார் வீட்டுக் கூடத்து மூலையில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும் கறுப்புப் பெட்டி. மாமனார் ஒரு பல்கலைக்கழகத்தில் முப்பது வருஷம் பெரிய பெரிய யூனிக்ஸ் மிஷின்களைக் கட்டி மேய்த்தவர். ஓய்வுபெற்ற அன்று எல்லாரும் கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு போவார்கள்; இவர் குப்பைக்குப் போகவிருந்த ஒரு மிஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் எல்லாருக்கும் அதில் அக்கவுண்ட் உண்டு. மாமா 1001, அத்தை 1002, மகள் 1003, மகன் 1004, மாதத்துக்கு ஒரு தரம் போட்டோ பார்க்கும் வெளியூர்ச் சித்தி 1005. பூனையின் சாப்பாட்டுக் கிண்ணத்தை நேரத்துக்குத் திறந்துவிடும் கருவி பூனையின் பெயரிலேயே ஓடுவதால், பூனை 1006. நிச்சயதார்த்தம் முடிந்த அன்று சாயங்காலம் சிஸ்டம் தம்பி 1007 ஆனான். இந்த வகை மிஷின்களில் ஆட்களின் எண் ஆயிரத்தை ஒட்டித்தான் தொடங்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் “பூனைக்கு அடுத்த இடம்தான் மாமா உங்களுக்கு” என்று மச்சான் சொன்னபோது அவனுக்கு லேசாகச் சுருக்கென்றது.

அந்தச் சுருக்கையும் மாமா போக்கிவிட்டார். அவனுக்கு ரூட் அதிகாரம் கொடுத்தார். ரூட் என்றால் மிஷினுக்கே எஜமான். யாரையும் சேர்க்கலாம், யாரையும் தூக்கலாம்.

“பொண்ணை யாருக்கு வேணா குடுக்கலாம் மாப்ள. ரூட்டை எல்லாருக்கும் குடுக்க முடியாது” என்றார் மாமா.

பதில் மரியாதையாகச் சிஸ்டம் தம்பி, தான் ஆபீசுக்கென்று எழுதிய ஸ்கிரிப்டுகளை, அதாவது ஏவிய வேலையைத் தானே செய்யும் குட்டி நிரல்களை எல்லாம் கொண்டுவந்து யானையிலும் வைத்து, ஒவ்வொன்றாக மாமாவுக்குக் காட்டிப் பெருமைப்பட்டான்.

இப்போது அந்த மெயிலை இரண்டாம் முறை படித்தவனுக்கு வியர்த்தது. அந்த வார்த்தைகள் அவன் எழுதியவை. ‘கோபத்தால் அல்ல, நடைமுறை’ என்பதற்காக அவன் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்திருக்கிறான்.

அட்டைப்பெட்டி தயாரிக்கும் அந்த ஆபீசில் அவன்தான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். வேலையை விட்டுப் போகிறவர்களின் அக்கவுண்டை நீக்குவதும் அவன் பொறுப்பு. ஆளை வெடுக்கென்று நீக்கக் கூடாது என்பது அவன் கொள்கை. அதற்காகவே ‘வழியனுப்பு’ என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். போகிறவரின் எண்ணைக் கொடுத்து ஒரு தடவை ஓட்டிவிட்டால் போதும்; மீதியை அதுவே நேரம் பார்த்துச் செய்யும். பத்து மணிக்குப் பூட்டு. பதினொன்றரைக்கு உள்ளே ஓடும் வேலைகளை நிறுத்தி வெளியே தள்ளல். ஒரு மணிக்கு அவருடைய கோப்புகளை மூட்டை கட்டல். நாலு மணிக்கு ஆளே இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் பண்பான ஒரு மெயில், கீழே அந்தந்த மிஷினின் பெயர்.

மாமா அதைப் பார்த்துவிட்டு, “மெயில்ல எழுத்து நல்லா இருக்கு மாப்ள” என்று பாராட்டியிருந்தார்.

‘நான் தீட்டிக் குடுத்த கத்தியாலயே என்னைக் குத்திட்டாரே!’ என்று சிஸ்டம் தம்பி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான்.

மாமாவுக்குப் போன் போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அணைக்காமல் என்ன செய்வார்? அழைக்க வேண்டாம் என்று மெயிலிலேயே இருக்கிறதே. கெஞ்சுகிறவர்களின் தொல்லை தாங்காமல் அவனே போட்ட வரி அது.

அவன் ரூட் அதிகாரத்தை வைத்துத் தானே பூட்டைத் திறந்துகொள்ளலாமே என்றால், முடியாது. அதிகாரத்தை எடுத்துக்கொள்ள முதலில் உள்ளே நுழைய வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாசலில் நிற்கிற கதைதான்.

“என்ன தம்பி, முகம் இப்படி வெளுத்துப்போச்சு?” என்று பக்கத்து மேஜையிலிருந்து கேட்டார் டிசைன் அக்கா.

பெட்டிகளுக்கு வண்ணமும் எழுத்தும் போடுகிறவர் அவர். சொந்தமாகக் கடை வைக்கப் போகிறார். இன்றோடு வேலைக்கு முழுக்கு. அவரை நீக்க வேண்டிய வேலையைச் சிஸ்டம் தம்பி காலையில் வந்ததுமே முடித்துவிட்டான். ஒரு கறுப்புத் திரையில் யானைக்கு நிச்சயதார்த்தப் போட்டோக்களை ஏற்ற ஆரம்பித்து, பக்கத்துக் கறுப்புத் திரையில் ஆபீஸ் மிஷினைத் திறந்து, மேனேஜர் பின்னால் வந்து நிற்கவே பரபரவென்று வழியனுப்பை ஓட்டி, போட்டோக்கள் தாமாகப் பின்னணியில் ஏறிக்கொண்டிருக்க, இரண்டு திரையையும் மூடிவிட்டு, “அக்கா, ஓட்டிவிட்டாச்சு. நாலு மெயில் வரும். நாலு மணிக்கு மேல நீங்க இல்ல” என்று அவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

“அக்கா, ஒருத்தர் நம்மள ஒரு வார்த்தை சொல்லாம ஒதுக்கி வைக்கிறாங்கன்னா, என்ன அர்த்தம்?”

“நாம ஏதோ மறைச்சிருக்கோம், அது அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்.”

“அப்போ என்ன பண்றது?”

“நாமளே போய் மனசுல இருக்கறதைக் கொட்டிடணும். தானா வந்து சொன்னா பாதிக் கோபம் போயிடும் தம்பி.”

சிஸ்டம் தம்பி கண்ணை மூடி, மாமனார் வீட்டில் தான் மறைத்தவற்றை எண்ணிப் பார்த்தான். மூன்று விரல் மடங்கியது. நான்காவது விரல் மடங்குவதற்குள் கையை உதறிக்கொண்டான். அதை நினைக்கவே கூடாது.

முதலில் மச்சான். நிச்சயத்தன்று அவனுடைய புது பைக்கை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துப்போய், முக்கில் திரும்பும்போது சுவரில் ஒரு தேய்ப்பு. சத்தமில்லாமல் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். எதிர்வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுக்கையில் இடித்துவிட்டார் என்று வீடே முடிவு செய்தது.

“மச்சான், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். உங்க பைக்...”

சொல்லி முடித்தான்.

“மாமா, அந்த எதிர்வீட்டுக்காரரை நான் நடுத்தெருவுல நிக்க வச்சு திட்டினேன். தெரியுமா?”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“பக்கத்துலதான் நின்னேன்.”

“நின்னீங்களா! நின்னதோட இல்ல, ‘வயசானவர், விட்டுடுங்க மச்சான்’னு பெரிய மனுஷன் மாதிரி என்னை சமாதானம் பண்ணீங்க! நாலு மாசமா அவர் முகத்தை நான் பார்க்கல. கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டேன்னு அன்னிக்கே அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்திருக்கேன்!”

போன் வைக்கப்பட்டது. பாதிக் கோபம் போகவில்லை. முழுசாகப் புதுக் கோபம் ஒன்று பிறந்திருந்தது.

சரி, இதுதான் காரணமாக இருக்கும், சொல்லிவிட்டோம், இனி பூட்டு திறந்துவிடும் என்று மணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். சரியாகப் பதினொன்றரைக்கு, தொண்ணூறு சதவீதம் ஏறியிருந்த நிச்சயதார்த்தப் போட்டோக்கள் அப்படியே நின்றன. அடுத்த நொடி மெயில்.

“அன்புடையீர், தாங்கள் செய்துகொண்டிருந்த வேலைகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. தாங்கள் இப்போது உள்ளே இல்லை. இதுவரை எங்களோடு இருந்து உழைத்ததற்கு நன்றி. இப்படிக்கு, யானை நிர்வாகம்.”

“ஐயோ அக்கா! ரெண்டாவது கட்டத்துக்குப் போயிட்டாங்க!”

டிசைன் அக்கா தம் கடைசிப் பெட்டிக்கு மஞ்சள் பூசிக்கொண்டே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “எல்லாத்தையும் கொட்டினீங்களா?”

“ஒண்ணைக் கொட்டினேன்.”

“அரைகுறையாச் சொன்னா அப்படித்தான். மிச்சத்தையும் சொல்லுங்க.”

அடுத்தது அத்தை. நிச்சயத்தன்று அத்தை பாடினார். இருபத்திரண்டு நிமிடம். முடிந்ததும் மாப்பிள்ளையின் கண்கள் கலங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, “என்னங்க மாப்பிள்ளை?” என்று கேட்க, “மனசு உருகிடுச்சு அத்தை” என்று சொல்லிவைத்தான். அன்றிலிருந்து அவருக்கு அவன்தான் உலகத்திலேயே உயர்ந்த ரசிகன்.

“அத்தை, அன்னிக்கு நீங்க பாடினப்போ என் கண்ணுல தண்ணி வந்துச்சே...”

“ஆமாங்க மாப்பிள்ளை! இன்னிக்கும் அதைத்தான் நினைச்சிட்டிருந்தேன். கல்யாணத்தன்னிக்கு ஒரு மணி நேரம் பாடறதா இருக்கேன். உங்களுக்காகவே புது மைக் வாங்கியிருக்கேன்.”

சிஸ்டம் தம்பி கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். “அது அழுகை இல்ல அத்தை. கொட்டாவி. வாயைத் திறக்காம கொட்டாவி விட்டா கண்ணுல தண்ணி வரும். முந்தின நாள் சரியாத் தூங்கல... பாட்டு மேல தப்பு இல்ல அத்தை... நடுவுல கொஞ்சம் தூங்கியும் போயிட்டேன்.”

மறுமுனையில் மைக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடும் சத்தம் கேட்டது.

“சரிங்க தம்பி” என்றார் அத்தை. போனை மெதுவாக வைத்தார்.

நாலு மாதம் கட்டிக் காத்த ‘மாப்பிள்ளை’ ஒரே போனில் ‘தம்பி’ ஆகிவிட்டது. யானைகூட இவ்வளவு சுருக்கமாக யாரையும் நீக்காது.

ஒரு மணி அடித்தது. மூன்றாவது மெயில் நேரம் தவறவில்லை. அவன் எழுதிய ஸ்கிரிப்ட் என்றைக்கு நேரம் தவறியது!

“அன்புடையீர், தங்கள் உடைமைகள் மூட்டை கட்டி ஓரமாக வைக்கப்பட்டுள்ளன. முப்பது நாளைக்குள் வந்து பெற்றுக்கொள்ளவும். தவறினால் அழிக்கப்படும். இப்படிக்கு, யானை நிர்வாகம்.”

மூட்டை கட்டியாகிவிட்டது! சிஸ்டம் தம்பி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான், பார்த்தான், மூடினான். இனி ஒளிக்க நேரமில்லை. டீச்சருக்கே போன் போட்டான்.

டீச்சர் என்பது அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். கூட்டல் தப்பானால் மன்னிப்பாள், பொய்க் கணக்கு எழுதினால் மன்னிக்க மாட்டாள். சாப்பாட்டு மணிக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே அவளுக்குப் பத்து நிமிடம் உண்டு.

“என்ன, இந்த நேரத்துல? அழைப்பிதழ் ஏத்தினீங்களா? அப்பா சாயங்காலம் பிழை பார்க்கணும்னாரு.”

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது. சொல்லாமல் செய்கிற குடும்பம்!

“டீச்சர், நீ குடுத்த கள்ளிச்செடி...”

“ஆமா, எப்படி இருக்கா?”

கள்ளிச்செடியை அவள் பெண்ணாகத்தான் பாவித்தாள். நிச்சயம் ஆன மறுநாள், “இதை யாராலயும் சாகடிக்க முடியாது. நம்ம அன்பு மாதிரி” என்று சொல்லிக் கொடுத்தாள். சிஸ்டம் தம்பி அன்பு மிகுதியில் வேளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி மூன்றே வாரத்தில் சாகடித்தான். அதே உயரத்தில், அதே வளைவில் இன்னொன்றைத் தேடி ஏழு கடை ஏறி இறங்கி வாங்கிவந்து அதே தொட்டியில் நட்டான். வாரா வாரம் டீச்சர் வீடியோவில் அதைப் பார்த்து நலம் விசாரிப்பாள்.

“அது... அவ... போன வருஷம்... இல்ல, நிச்சயம் ஆன மாசமே...”

“என்ன?”

“இறந்துட்டா.”



“அப்போ நான் வாராவாரம் பேசிட்டிருந்தது யார்கிட்ட?”

“வேற ஒருத்தி. ஆனா அவளும் நல்லவதான் டீச்சர்...”

“ஒரு செடி செத்ததைச் சொல்ல உங்களுக்கு நாலு மாசமா? நாளைக்கு எதை மாத்தி வச்சிட்டு எதுன்னு சொல்வீங்க?”

மணி அடித்தது. போனும் நின்றது.

கிணறு வெட்டப் போய் மூன்று பூதங்களைக் கிளப்பியாகிவிட்டது. தலையில் கைவைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தவன் மணியைப் பார்த்தான். இரண்டே முக்கால். நாலு மணிக்குக் கடைசிக் கட்டம். அதற்குள் யானையின் முன்னால் போய் நின்று, மாமாவின் காலைப் பிடித்தாவது தடுக்க வேண்டும். மடங்காமல் நின்ற அந்த நான்காவது விரல் இப்போது தானாகவே மடங்கியது. காரணம் அதுவாகத்தான் இருக்கும். அதைத் தவிர வேறு எதற்காகவும் மாமா இவ்வளவு தூரம் போக மாட்டார்.

“அக்கா, நான் கிளம்பறேன். மேனேஜர் கேட்டா, என்னை வீட்லேர்ந்து தூக்கறாங்கன்னு சொல்லுங்க!”

“போங்க தம்பி, போங்க! இங்க நான் பார்த்துக்கறேன்” என்றார் டிசைன் அக்கா. அவர் மஞ்சளை முடித்துச் சிவப்பு பூச ஆரம்பித்திருந்தார்.

பஸ் நகர்ந்த வேகத்தில் இறங்கி ஓடியே போயிருக்கலாம். இரண்டு சிக்னல் பொறுத்தான், மூன்றாவதில் இறங்கி ஓடியேவிட்டான். சட்டை முதுகோடு ஒட்ட, ஒரு செருப்பின் வார் அறுந்து தொங்க, மாமனார் வீட்டு மாடிப்படியில் அவன் கால் வைத்தபோது பையில் போன் துடித்தது. நாலு மணி.

நாலாவது மெயில். படிக்காமலே வரி வரியாகத் தெரியும்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். மூலையில் யானை ஒன்றும் அறியாத மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த மச்சான் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டான்.

“மச்சான், லிஸ்ட்டைப் பாருங்க. நான் இருக்கேனா?”

மச்சான் வேண்டா வெறுப்பாகத் தட்டினான். “1001 அப்பா. அம்மா. அக்கா. நான். சித்தி. 1006 பூனை.” நிறுத்தினான். அவன் முகமும் மாறியது. “அவ்வளவுதான் மாமா.”

“பூனை இருக்கா?”

“இருக்கு.”

“நான் இல்ல?”

“இல்ல.”

யானையின் மேல் வெதுவெதுப்பாகப் படுத்திருந்த பூனை ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளறையிலிருந்து வந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது. உதடு ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் சிவந்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைப் பார்த்தார், நாற்காலியைக் காட்டினார்.

இவ்வளவு கோபத்தில் ஒரு மனிதனைச் சிஸ்டம் தம்பி பார்த்ததே இல்லை. நாற்காலியில் உட்காரவில்லை; தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“மாமா, சொல்லிடறேன். நான்தான். ஆயிரத்து நானூறு நாளு!”

மாமாவின் பெருமை ஒன்றே ஒன்றுதான். யானை ஆயிரத்து நானூறு நாளாக ஒரு நொடிகூட அணையாமல் ஓடுகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அந்த எண்ணைத் திரையில் காட்டுவார். நிச்சயத்தன்று மோதிரம் கைநழுவி மேஜைக்கடியில் உருண்டது. சிஸ்டம் தம்பி தவழ்ந்து போய் எடுத்தான். எடுக்கும்போது முழங்கால் பட்டு யானையின் பிளக் கழன்றது. உறுமல் நின்றது. கூடத்தில் அத்தை பாடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி செருகிவிட்டு வந்துவிட்டான். அன்று மாலை ரூட் கிடைத்ததும் அவன் செய்த முதல் காரியம், பழைய நாட்களையும் கூட்டிக் காட்டும்படி ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதி வைத்ததுதான்.

“நிஜக் கணக்கு நூத்திருபத்து மூணு நாள்தான் மாமா. மிச்சமெல்லாம் நான் கூட்டிக் காட்டினது. என்னை மன்னிக்க வேணாம். ஆனா ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூக்கியிருக்கலாமே! நான் எழுதின மெயிலையே எனக்கு அனுப்பி... நாலு கட்டமா... என்னால தாங்க முடியல மாமா!”

அவன் அழுதான். இது கொட்டாவி இல்லை என்பதை, சமையலறை வாசலில் வந்து நின்ற அத்தையே கண்டுகொண்டார். பள்ளி விட்டு அப்போதுதான் உள்ளே நுழைந்த டீச்சரும் பையோடு அப்படியே நின்றாள்.

மாமா வாயைத் திறந்தார். “ழா... ழா...” என்றார். பிறகு சலித்துக்கொண்டு மேஜைமேலிருந்த நோட்டை எடுத்து எழுதி நீட்டினார்.

‘காலை 9 முதல் பல் டாக்டர். இரண்டு பல். வாய் மரத்திருக்கிறது. நான் யானையைத் தொடவே இல்லை.’

“அப்போ வேற யாரு?” என்றான் சிஸ்டம் தம்பி.

எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள்.

“என்னை ஏன் பார்க்கறீங்க? பைக் விஷயம் தெரிஞ்சதும் தூக்கணும்னு நினைச்சேன்தான். எப்படின்னு தெரியல.”

“எனக்கு மைக்கை ஆன் பண்ணவே தெரியாது” என்றார் அத்தை.

“மத்தியானம் எனக்கும் தோணுச்சு” என்று டீச்சர் ஒப்புக்கொண்டாள். “ஆனா அடுத்தடுத்து வகுப்பு. போனைக் குடுங்க, அந்த மெயிலைப் பார்ப்போம்.”

அவன் போனை வாங்கி, கடைசி மெயிலை அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

“அன்புடையீர், தங்கள் பெயர் நீக்கப்பட்டது. இங்கே மிச்சமிருக்கும் தங்கள் கோப்புகளில் இனி பெயர் இருக்காது. 1007 என்ற எண் மட்டும் இருக்கும். தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.” படிக்கப் படிக்க அவள் குரல் கம்மியது. “ஐயோ, இதையா காலையிலேர்ந்து ஒண்ணொண்ணா வாங்கிட்டிருந்தீங்க? கல்மனசுக்காரன்கூட இப்படி எழுத மாட்டானே!”

எழுதியது யார் என்பதை இந்த நேரத்தில் நினைவூட்ட வேண்டாம் என்று சிஸ்டம் தம்பி சும்மா இருந்தான்.

மாமா நோட்டில் பரபரவென்று எழுதினார். ‘திருடன்! வெளியாள் எவனோ நம் வீட்டுக்குள் புகுந்து நம் பிள்ளையைத் தூக்கியிருக்கிறான்!’

நம் பிள்ளை! அந்த இரண்டு வார்த்தையில் கூடமே மாறிவிட்டது. அத்தை ஓடிவந்து, “எழுந்திருங்க மாப்பிள்ளை, தரையில உக்காராதீங்க” என்றார். மச்சான் கைகொடுத்துத் தூக்கினான். “பைக்கு கெடக்கு மாமா. எதிர்வீட்டுக்காரர்கிட்ட நானே போய்ப் பேசிக்கறேன்.” டீச்சர் தன் துப்பட்டாவால் அவன் நெற்றியைத் துடைத்து, “அந்த ரெண்டாவது கள்ளியை நல்லாப் பார்த்துக்கோங்க” என்றாள். மாமா ஒரு புதுப் பக்கம் திருப்பி, கொஞ்சம் யோசித்து, பெரிய எழுத்தில் எழுதினார். ‘1400 போனால் போகட்டும். மாப்பிள்ளை முக்கியம்.’

சிஸ்டம் தம்பிக்கு நெஞ்சு விம்மியது. எப்பேர்ப்பட்ட குடும்பம்! இந்தக் குடும்பத்துக்கும் தனக்கும் நடுவில் புகுந்து, ஒரு நாள் முழுக்க நாலு பேரை அழவைத்து, பதினெட்டு நாளில் நடக்க வேண்டிய கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தவன் எவன்? அறுந்த செருப்பை உதறி எறிந்துவிட்டுக் கூடத்தின் நடுவில் வந்து நின்றான்.

“மாமா, ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்த வேலையைப் பண்ணினவன் யாரா வேணா இருக்கட்டும். நமக்குச் சொந்தமா இருந்தாலும் சரி, எவ்வளவு வேண்டியவனா இருந்தாலும் சரி. அவன் நம்ம கல்யாண மண்டபத்து வாசப்படியை மிதிக்கக் கூடாது!”

“கூடாது!” என்றான் மச்சான்.

“கூடவே கூடாது!” என்றார் அத்தை.

“வந்தா நானே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவேன்” என்றாள் டீச்சர்.

மாமா பேச முடியாததால் நோட்டில் ‘சத்தியம்’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

அப்போது டீச்சரின் கையிலிருந்த அவன் போன் அடித்தது. ஆபீஸ் எண். எடுக்கப் போன விரல் தவறி ஸ்பீக்கரிலும் பட, டிசைன் அக்காவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“தம்பி, என் நம்பர் 1007-ஐ ஸ்கிரிப்ட்ல போட்டு ஓட்டிவிட்டாச்சு, நாலு மெயில் வரும்னு காலையில சொல்லிட்டுப் போனீங்களே, மணி நாலரை ஆகப் போகுது, நான் பாட்டுக்கு உள்ள உக்காந்து வேலை பார்த்துட்டிருக்கேன், ஒரு மெயில்கூட வரல, எந்த மிஷின்ல, யாரைத் தம்பி தூக்கினீங்க?”